சிற்றூர்த் தொடக்கப்பள்ளிக்கு ஒரு செய்திமடல்: மாணவர்களைக் கொண்டே தயாரிக்கும் முறை

இருபது முப்பது மாணவர்களும் ஒன்றிரண்டு ஆசிரியர்களும் மட்டுமே உள்ள ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் செய்திமடல் தொடங்கலாம் என்று பேச்செடுத்தால், “நம் பள்ளியில் அப்படி என்ன செய்தி இருக்கிறது?” என்ற கேள்விதான் முதலில் எழும். விழாக்களையும் விருந்தினர் வருகையையும் மட்டுமே செய்தி என்று எண்ணிப் பழகியதால் வரும் கேள்வி அது. யார் தலைமை தாங்கினார், யார் வாழ்த்துரை வழங்கினார், யார் நன்றி கூறினார் என்று எழுதினால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆனால் அந்தப் பக்கத்தைத் தம் பெயர் அதில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. விழா இல்லாத சாதாரண நாள்களில் வகுப்பறையிலும் வளாகத்திலும் நடப்பதை மாணவர்களே கவனித்து, அளந்து, கேட்டு எழுதும் மடலோ வீட்டில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும். அத்தகைய மடலைத் தயாரிப்பது எப்படி என்பதையே இங்கு விளக்குகிறோம்.

அளவையும் வாசகரையும் முதலில் முடிவு செய்தல்

ஆண்டு இறுதியில் முப்பது பக்க மலர் ஒன்றை வெளியிடுவதைவிட, மாதந்தோறும் நான்கு பக்க மடல் ஒன்றை வெளியிடுவதே சிறிய பள்ளிக்கு ஏற்றது. மலர் என்றால் வேலை முழுவதும் ஒரே மாதத்தில் ஆசிரியரின் தலையில் விழும். மாணவர் எழுதியது அச்சாகி வரும்போது, எழுதியதையே அவர் மறந்திருப்பார். ஓர் ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு சிறிய பக்கங்கள் கிடைக்கின்றன. இருபுறமும் நகலெடுத்த ஒரே தாள் என்பதால் செலவும் குறைவு, தைக்கவோ ஸ்டேப்ளர் அடிக்கவோ தேவையில்லை. மாதத்தின் எந்த நாளில் மடல் வீட்டுக்குப் போகும் என்பதை முதல் இதழிலேயே அறிவித்துவிட்டு, பக்கம் நிரம்பவில்லை என்றாலும் அந்த நாளில் வெளியிட்டுவிட வேண்டும். காலியாக இருக்கும் இடத்தில் ஓவியம் போடலாம். நாள் தவறினால் அடுத்த இதழும் தவறும்.

வாசகர் யார் என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மடல் போய்ச் சேரும் வீடுகள் சிலவற்றில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கக்கூடும். அங்கே பள்ளிக் குழந்தைதான் அதை உரக்கப் படித்துக் காட்டும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையையும் அச்சுக்கு முன் ஒரு மாணவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் மூச்சு முட்டி நிற்கும் இடங்களில் வாக்கியத்தை உடைத்துவிட வேண்டும். மொழித் திருத்தத்தில் பாதி வேலையை இந்த ஒரு சோதனையே முடித்துவிடும்.

செய்திக் குறிப்பேடு

மடலின் உயிர் நிலை அச்சில் இல்லை, குறிப்பேட்டில் இருக்கிறது. கோடிட்ட தடித்த குறிப்பேடு ஒன்றை வகுப்பறையின் கதவருகே நூலில் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலிலேயே ஒரு பேனாவையும் கட்டிவைக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மாணவர் செய்தியாளர். பள்ளி முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவர் அன்றைய செய்தியை மூன்று வாக்கியங்களில் எழுதி வகுப்புக்கு வாசித்துக் காட்டுவார். எழுதக் கற்றுக்கொள்ளாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முறை வரும்போது அது சொல்லச் சொல்ல மூத்த மாணவர் ஒருவரோ ஆசிரியரோ எழுதுவார். அப்போது குழந்தை சொன்ன சொற்களைத்தான் எழுத வேண்டுமே தவிர, அவற்றை அழகுபடுத்தக் கூடாது.

முதல் சில வாரங்களில் “இன்று மழை பெய்தது. நாங்கள் மகிழ்ச்சி அடைந்தோம்” என்பதுபோன்ற வரிகளே வரும். அவற்றைத் தவறு என்று சொல்லாமல், வாசித்து முடித்த இடத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். மழை எப்போது தொடங்கியது, அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? பதிலில், “இரண்டாம் பாடவேளையில் கூரைமேல் விழுந்த மழைச் சத்தத்தில் ஆசிரியர் சொன்ன கணக்கு காதில் விழவில்லை, அதனால் அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்” என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். அதுதான் செய்தி. “மகிழ்ச்சி அடைந்தோம்”, “சிறப்பாக நடைபெற்றது”, “பயனுள்ளதாக இருந்தது” ஆகிய மூன்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடித்துவைத்துவிடலாம் என்பது என் கருத்து. விதிகள் குறைவாக இருந்தால்தான் குழந்தைகள் எழுதுவார்கள். இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழி புதிதன்று. தென்பிரான்சில் பார்-சூர்-லூப் என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்த செலஸ்தேன் ஃபிரெனே, 1920களில் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, மாணவர்கள் தாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சிடும்படி செய்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டிருந்த அவரால் நீண்ட நேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த முடியவில்லை; மாணவர்களை ஊருக்குள் நடத்திச் சென்று, திரும்பி வந்ததும் பார்த்ததை எழுதவைத்தார். அச்சிட்ட பக்கங்கள் பிரான்சின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள பிரெத்தாஞ் பகுதியில் இருந்த இன்னொரு சிற்றூர்ப் பள்ளிக்கு அஞ்சலில் போயின, அங்கிருந்தும் பக்கங்கள் வந்தன. மலையடிவாரக் குழந்தைகளுக்குக் கடலோரக் குழந்தைகளின் அன்றாடமே செய்தியாக இருந்தது. தொலைவில் உள்ள ஒரு வாசகரை மனத்தில் வைத்து எழுதும்போது, “எல்லோருக்கும் தெரியுமே” என்று விட்டுவிடும் விவரங்கள் தாமாகவே எழுத்தில் வந்துவிடுகின்றன. ஆகவே இன்னொரு சிறிய பள்ளியோடு மடல் பரிமாறிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் நழுவவிடக் கூடாது.

செய்தி தரும் செயல்பாடுகள்

செய்தி தானாக வரும் என்று காத்திருப்பதைவிட, செய்தி தரக்கூடிய செயல்பாடுகள் சிலவற்றைப் பள்ளியில் நிலையாக வைத்துக்கொள்வது எளிது. அவற்றில் மழைமானிக்கே நான் முதலிடம் தருவேன்; செலவில்லாதது, எல்லா வகுப்பினரும் பங்கேற்கக்கூடியது, சிறு வயதிலேயே எண்ணைச் செய்தியாக மாற்றக் கற்றுக்கொடுப்பது.

நேரான பக்கங்களை உடைய பெரிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்து, அது மேலே குறுகத் தொடங்கும் இடத்தில் ஆசிரியர் வெட்டித் தர வேண்டும். வெட்டிய மேற்பகுதியின் மூடியை நீக்கிவிட்டு, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, புனலாக அதே புட்டியின் வாயில் பொருத்தி, ஓரத்தை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். புட்டியின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் உள்ளே சிறு கற்களைப் போட்டு, அவை மூழ்கி நீர்மட்டம் நேரான பக்கத்தைத் தொடும்வரை நீரூற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் எனக் குறிக்க வேண்டும். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைத்தால் அளவு பிழையாகும். அருகிலுள்ள மரம் அல்லது கட்டடத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவிலாவது, திறந்த வெளியில், காற்றில் சாயாதபடி பாதி புதைத்தோ செங்கற்களால் அண்டை கொடுத்தோ வைக்க வேண்டும். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளவைப் படித்து எழுதிவிட்டு, நீரைச் சுழியக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மழையில்லாத நாள்களில் நீர் ஆவியாகிக் குறைந்தால் கோடுவரை ஊற்றிவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இல்லையென்றால் அடுத்த மழையின் அளவு குறைத்துக் காட்டப்படும்.

இதிலிருந்து மடலுக்கு எத்தனை செய்திகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். மாதத்தின் மொத்த மழை, மிகுதியாகப் பெய்த நாள், தொடர்ந்து வறண்டிருந்த நாள்கள் ஆகியவை ஒரு சிறு பட்டை வரைபடமாகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஆகவே 100 சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளிமேல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தம் பள்ளிக் கூரையை அளந்து இந்தக் கணக்கைப் போட்டு வெளியிட்டால், அந்த நீர் எங்கே போனது என்ற கேள்வியைப் பெற்றோரே கேட்பார்கள். அடுத்த இதழுக்கான தலைப்பு கிடைத்துவிட்டது.

இதேபோல் நட்ட கன்றின் உயரத்தை மாதம் ஒருமுறை அளப்பது, காலையில் பத்து நிமிடம் வளாகத்தில் வரும் பறவைகளை எண்ணுவது, நூலக அலமாரியில் அந்த மாதம் அதிகமாகக் கைமாறிய நூல் எது என்று பார்ப்பது ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நேர்காணல் தனியாகக் கவனிக்க வேண்டியது. பள்ளியைத் துப்புரவு செய்பவர், அஞ்சல் கொண்டுவருபவர், அதே பள்ளியில் முன்பு படித்த முதியவர் ஆகியோர் குழந்தைகளிடம் தயங்காமல் பேசுவார்கள். “உங்களுக்கு இந்தப் பள்ளி பிடிக்குமா?” போன்ற கேள்விக்கு “பிடிக்கும்” என்பதோடு பதில் முடிந்துவிடும். “நீங்கள் படித்தபோது இந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள்? எதன்மேல் உட்கார்ந்தீர்கள்? எதில் எழுதினீர்கள்?” என்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றைக் கேட்கப் பழக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழுவாக அனுப்பி, ஒருவர் கேட்கவும் ஒருவர் எழுதவும் ஒருவர் அடுத்துக் கேட்க வேண்டியதைக் கவனிக்கவும் செய்தால் கூச்சமும் குறையும். எழுதி முடித்ததைப் பேட்டி கொடுத்தவரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட வேண்டும்.

திருத்துவதில் எங்கே நிற்பது

ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ல, ழ, ள மயக்கமும் ர, ற மயக்கமும் ந, ன, ண மயக்கமும் விடுபட்ட ஒற்றுகளும் திருத்தப்பட வேண்டும். பல வீடுகளில் படிக்கப்படும் ஒன்றில் பிழை நிலைத்துவிடக் கூடாது. ஆனால் வாக்கியத்தின் போக்கை மாற்றி, குழந்தை எழுதியதை ஆசிரியர் எழுதியதாக்கிவிடுவது திருத்தம் ஆகாது. ஏழு வயதுக் குழந்தை “செவ்வனே” என்று எழுதியிருந்தால் அதை யார் எழுதினார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். எழுத்து நடையில் செய்தியை எழுதச் சொல்லிவிட்டு, யாராவது பேசியதை அப்படியே மேற்கோள் குறிக்குள் தரும்போது பேச்சு வழக்கை அனுமதிக்கலாம்.

சிவப்பு மையைத் தவிர்த்து, எழுதியவரை அருகில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத் திருத்துவதே சிறந்தது. நாளொன்றுக்கு ஒருவர் என்றால் அதற்கு ஐந்து நிமிடம் போதும். பல வகுப்புகள் ஒரே அறையில் நடக்கும் பள்ளியில் இது தொல்லை என்று தோன்றலாம். உண்மையில் அங்குதான் வேலையைப் பிரிப்பது எளிது. சிறியவர்கள் வரைவார்கள், சொல்வார்கள். இரண்டாம் மூன்றாம் வகுப்பினர் படக் குறிப்புகள் எழுதுவார்கள். மூத்தவர்கள் செய்தி எழுதி, இளையவர்களின் எழுத்துப் பிழைகளை அகராதி பார்த்துச் சரிசெய்வார்கள். இந்த வேலைப்பிரிவை மாதந்தோறும் ஓரளவு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையெனில் நன்றாக வரைபவர் எழுதவே மாட்டார்.

வெளியிடக் கூடாதவை

1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, கருத்தை வெளிப்படுத்தும் உரிமையைக் குழந்தைக்கு உறுதி செய்கிறது. அதன் 16ஆம் பிரிவு, குழந்தையின் தனிவாழ்வில் எவரும் முறையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. பள்ளி மடலில் இவ்விரண்டும் அடிக்கடி மோதும். சிற்றூரில் இது இன்னும் கூர்மையாகிறது. பெயரை மறைத்தாலும், “மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவர்” என்றாலே அது யார் என்று ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஏனெனில் மூன்றாம் வகுப்பில் இருப்பவர்களே நான்கு பேர்தான். ஆகவே பெயரை நீக்குவது இங்கே பாதுகாப்பு ஆகாது. எதை எழுதுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. மதிப்பெண், தண்டனை, நோய், நீண்ட நாள் வராமை, வீட்டுச் சச்சரவு, பண நெருக்கடி ஆகியவற்றைத் தொடும் எந்தக் குறிப்பும் குறிப்பேட்டிலிருந்து மடலுக்குச் செல்லக் கூடாது. குழந்தை அப்படி ஒன்றை எழுதியிருந்தால், அதை எல்லோர் முன்பும் அடிக்காமல் தனியே பேசி வேறு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டும். சில சமயம் அந்தக் குறிப்பு மடலுக்கான செய்தியாக அல்லாமல், ஆசிரியர் அறிய வேண்டிய செய்தியாக இருக்கும்.

ஒளிப்படங்களுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அனுமதி தராதவர்களின் பட்டியலைப் படம் தேர்ந்தெடுப்பவர் கையில் வைத்திருக்க வேண்டும். படத்துக்குக் கீழே முழுப் பெயரை அச்சிடத் தேவையில்லை. கைப்பேசியில் படமெடுக்கும்போது இடத்தைப் பதிவு செய்யும் அமைப்பை அணைத்துவிட வேண்டும்.

ஒரு பெயர்ப் பட்டியலையும் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டிவைப்பது பயன்தரும். ஒவ்வோர் இதழிலும் யாருடைய எழுத்தோ ஓவியமோ வந்தது என்பதை அதில் குறித்துவந்தால், பருவம் முடிவதற்குள் ஒருமுறைகூட இடம்பெறாத குழந்தை யார் என்பது கண்ணில் படும். இல்லாவிட்டால் நன்றாக எழுதும் நான்கு பேரே எல்லா இதழ்களிலும் வருவார்கள்.

துயரச் செய்தி வந்தால் தயங்காமல், ஆனால் சுருக்கமாக எழுதலாம். புயலில் சுற்றுச்சுவர் விழுந்தது, எல்லோரும் அறிந்த முதியவர் ஒருவர் மறைந்தார், ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போகிறார் என்றால் அதைக் குழந்தைகள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மறைவுச் செய்திக்கு மட்டும் அந்தக் குடும்பத்தின் ஒப்புதலை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பக்கங்களை அமைத்து நகலெடுத்தல்

முதல் பக்கத்தில் அந்த மாதத்தின் மிக நல்ல செய்தி ஒன்றை மட்டும் ஓர் ஓவியத்துடன் போட வேண்டும்; தலைமை ஆசிரியரின் வாழ்த்துரைக்கு அங்கே இடம் இல்லை. உள்ளே உள்ள இரண்டு பக்கங்களில் குறிப்பேட்டிலிருந்து தேர்ந்தெடுத்த சிறு செய்திகள், மழை வரைபடம், நேர்காணல் ஆகியவை தேதியோடு வரலாம். கடைசிப் பக்கம் பெற்றோருக்குரியது. விடுமுறை நாள், பெற்றோர் கூட்டம், மருத்துவ முகாம், கொண்டுவர வேண்டிய பொருள் ஆகியவை அங்கே இருக்க வேண்டும். அதை வெட்டிச் சுவரில் ஒட்டுபவர்களும் உண்டு என்பதால் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று நாள்காட்டியோடு இருவர் சரிபார்க்க வேண்டும்.

கணினி இல்லாவிட்டாலும் குறையில்லை. தெளிவான கையெழுத்துள்ள மாணவர்கள் முறைவைத்து எழுதிய மடல் தட்டச்சு செய்த மடலைவிடப் பார்க்க நன்றாகவே இருக்கும். எழுத்தும் ஓவியமும் கறுப்பு மையில் இருக்க வேண்டும். பென்சில் கோடும் வெளிர் நீலமும் நகலில் மறைந்துவிடும். நகலெடுக்கும் இயந்திரம் தாளின் விளிம்புவரை பதிவதில்லை; எனவே நாற்புறமும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டே எழுத வேண்டும். கணினியில் செய்வதானால் யூனிகோட் எழுத்துருவில் 14 புள்ளி அளவும் தாராளமான வரி இடைவெளியும் இருந்தால் சிறியவர்களும் தடுமாறாமல் படிப்பார்கள். கறுப்பு வெள்ளை நகலில் கூட்டமாக நிற்கும் படம் கரும்புள்ளிகளின் வரிசையாகிவிடும்; வெளிச்சத்துக்கு முகம் காட்டி நிற்கும் இருவரையோ, வேலை செய்யும் கைகளையோ அருகிலிருந்து எடுத்த படம் தெளிவாக வரும்.

ஒரு மாதம் செய்தி மிகுந்து எட்டுப் பக்கமானால் பக்க வரிசையில் குழப்பம் வரும். இரண்டு தாள்களை ஒன்றினுள் ஒன்றாக வைத்து மடித்து, பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் எழுதிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒருபுறம் 8, 1 ஆகிய பக்கங்களும் மறுபுறம் 2, 7 ஆகிய பக்கங்களும், உள்தாளில் 6, 3 மற்றும் 4, 5 ஆகிய பக்கங்களும் இணையாக வந்திருக்கும். இந்த மாதிரித் தாளை அருகில் வைத்துக்கொண்டே ஒட்ட வேண்டும்.

கொண்டுசேர்த்தலும் பாதுகாத்தலும்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படியும், பரிமாற்றப் பள்ளிக்கு ஒன்றும், ஊரில் பலர் கூடும் இடத்தில் ஒட்ட ஒன்றும், பள்ளிக் கோப்புக்கு இரண்டும் என்று எண்ணி எடுத்தால் வீணாகாது. வாட்ஸ்ஆப் வழியாக அனுப்புவதானால் பெற்றோர் குழுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் தாள் வீட்டை அடைந்த மறுநாள் அனுப்பினால், குழந்தை தன் கையால் கொண்டுவந்து கொடுக்கும் வாய்ப்பு பறிபோகாது.

வாசகர் கடிதத்துக்கு இடம் வைப்பதும் பயனுள்ளது. போலந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளரும் கல்வியாளருமான யானுஷ் கோர்சாக் 1926இல் அந்நாட்டின் தலைநகர் வார்சாவில் தொடங்கி, 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூளும்வரை வாரந்தோறும் ஒரு நாளிதழின் இணைப்பாக வெளிவந்த சிறுவர் செய்தித்தாள், குழந்தைகள் அனுப்பிய கடிதங்களாலும் செய்திகளாலுமே நிரம்பியது. பள்ளியில் அதற்கு ஒரு துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். வரும் கடிதத்துக்கு அடுத்த இதழில் பதில் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டு இதழ்களில் பதில் வராவிட்டால் பெட்டி காலியாகிவிடும். பிழை சுட்டிக்காட்டப்பட்டால், எந்த இதழில் எந்தச் செய்தி தவறு, சரியானது எது என்பதை ஒரே வரியில் வெளியிட வேண்டும்.

ஒவ்வோர் இதழுக்கும் தொடர் எண்ணும் மாதமும் ஆண்டும் இட்டு, கோப்புக்கான இரண்டு படிகளில் ஒன்றை வகுப்பறையில் எல்லோரும் புரட்டும்படியும், மற்றொன்றை ஈரமும் கறையானும் அண்டாத அலமாரியின் மேல்தட்டிலும் வைக்க வேண்டும். குறிப்பேடு தீர்ந்தால் அதன்மேல் தொடக்க நாளையும் முடிந்த நாளையும் எழுதி அதே தட்டில் வைத்துவிட்டு, புதிய குறிப்பேட்டை அன்றே கதவருகே கட்டிவிட வேண்டும். இடையில் ஒரு வாரம் நூல் வெறுமனே தொங்கினால், எழுதும் பழக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.